மலைக்குப் போகும் ரோடு சைக்கிளில் 11-34 கேசட்: ஒரு வருடம் ஓட்டியபின்

நகரத்தில் இருந்துகொண்டு பக்கத்து மலைக்கு ரோடு சைக்கிளில் போய்வருகிற எல்லோரும் ஒரு நாளாவது இதைச் செய்திருப்போம். ஏற்றத்தில் மூச்சு வாங்க மிதித்துக்கொண்டே, இன்னும் ஒரு கியர் மிச்சம் இருக்கிறதா என்று லீவரைத் தட்டிப் பார்ப்போம். இருக்காது, ஏற்கெனவே கடைசிப் பல்லில்தான் செயின் ஓடிக்கொண்டிருக்கும். நான் இரண்டு வருடம் அப்படித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பழைய 11-28 கேசட்டை, அதாவது பின்சக்கரத்தில் இருக்கும் பல்சக்கர அடுக்கை, கழற்றி ஷிமானோவின் எச்ஜி800 போட்டேன். 11 கியர், சின்னப் பல்சக்கரத்தில் 11 பல், பெரியதில் 34. போட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. மலை ஏறுகிறவர்கள் யோசிக்காமல் வாங்கலாம் என்பது என் கருத்து. சமதரையில் கூட்டமாக வேகம் பிடிக்கிறவர்கள் மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும், அதற்கும் காரணம் சொல்கிறேன்.

நான் ஓட்டும் பாதை எப்படிப்பட்டது என்று சொன்னால்தான் மற்றது புரியும். வீட்டிலிருந்து முதல் 24 கி.மீ. சமதரை, சிக்னல், வண்டிகள், விடிவதற்குள் தாண்டிவிட வேண்டிய பகுதி. அடுத்த 12 கி.மீ. அடிவாரம், பார்வைக்குச் சமமாகத் தெரியும், ஆனால் 1 சதவீதம், 2 சதவீதம் என்று ஏறிக்கொண்டே இருக்கும், இன்று ஏன் கால் ஓடவில்லை என்று சந்தேகம் வருவது இங்கேதான். அப்புறம் 9 கி.மீ. மலை. சராசரி சரிவு 6.5 சதவீதம், மொத்த ஏற்றம் 585 மீட்டர். இந்தச் சராசரியை நம்பி யாரும் கியர் முடிவு செய்யக் கூடாது. நடுவில் ஒரு கி.மீ. கிட்டத்தட்டச் சமதரை, அது எண்ணைக் கீழே இழுத்துவிடுகிறது. கொண்டை ஊசி வளைவுகளுக்கு இடைப்பட்ட நேர்ச்சாலையில் 8 சதவீதம் சாதாரணம், இரண்டு இடத்தில் 12 தொடும். எந்த நகரத்துப் பக்கத்து மலையாக இருந்தாலும், பாதையைத் தேர்ந்தெடுக்கும்போது சராசரியைப் பார்க்காதீர்கள், மிகச் செங்குத்தான 500 மீட்டர் எவ்வளவு என்று பாருங்கள். கால் சோர்வது அங்கேதான்.

என் சைக்கிளில் முன்னால் 50/34 காம்பாக்ட் கிராங்க், அதாவது பெடலோடு சுற்றும் இரண்டு பல்சக்கரங்களில் 50, 34 பல். பழைய கேசட்டில் மிகச் சுலபமான கியர் 34-28, முன்னால் 34, பின்னால் 28. 25 மி.மீ. டயரோடு சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 2.1 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், பெடல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி 2.55 மீட்டர் நகரும். புதியதில் 34-34, அதாவது பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரே சுற்று, 2.1 மீட்டர். அரை மீட்டர்கூட வித்தியாசம் இல்லையே என்று தோன்றும். 8 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 9 கி.மீ. வேகத்தில் போகிறோம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பழையதில் நிமிடத்துக்கு 59 சுற்று, புதியதில் 71. அதே வேகம், அதே உழைப்பு, ஆனால் ஒவ்வொரு மிதிக்கும் கொடுக்க வேண்டிய அழுத்தம் ஆறில் ஒரு பங்குக்கும் மேல் குறைகிறது. 59 சுற்றில் ஒரு மணி நேரம் ஏறினால் தொடையும் முழங்காலும்தான் வேலை செய்கின்றன, 71-ல் அந்தச் சுமையில் ஒரு பகுதி மூச்சுக்கும் இதயத்துக்கும் மாறுகிறது. மலை உச்சியில் ஐந்து நிமிடம் நின்றால் மூச்சு திரும்பி வந்துவிடும், தொடை அன்றைக்கு முழுக்கத் திரும்பி வராது.

இதுதான் எனக்கு இந்தக் கேசட்டில் கிடைத்த உண்மையான பலன். மலை ஏறும் நேரம் பெரிதாகக் குறையவில்லை, இரண்டு மூன்று நிமிடம் முன்னே பின்னே, அவ்வளவுதான். ஆனால் ஏறி இறங்கியபின் வீட்டுக்கு 36 கி.மீ. இருக்கிறது, அதில் எதிர்க்காற்றும் உண்டு. முன்பெல்லாம் அந்த 36-ஐ எப்படியாவது முடித்தால் போதும் என்று உருட்டிக்கொண்டு வருவேன். இப்போது திரும்பும் வழியிலும் மிதிக்கக் கால் இருக்கிறது. அதைவிட முக்கியம், ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கி, மலையைச் சுற்றிக்கொண்டு வரும் 110 கி.மீ. பாதையை வருடக் கணக்காகத் தள்ளிப்போட்டு வந்தேன், ஏனென்றால் அதில் கடைசி 30 கி.மீ.க்குள் இன்னொரு சின்ன மலை வருகிறது. இந்த வருடம் அதை நான்கு முறை முடித்துவிட்டேன். எனக்குத் தெரிந்த சாலைகளின் எண்ணிக்கையையே இந்தக் கேசட் கூட்டியிருக்கிறது.

அந்த 12 சதவீத இடம் மட்டும் இன்னும் கஷ்டம்தான். நானும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ, 170 வாட் அளவுக்குத்தான் என்னால் நீண்ட நேரம் மிதிக்க முடியும், அந்தச் சக்திக்கு 12 சதவீதத்தில் மணிக்கு 6 கி.மீ.யைக் கொஞ்சம் தாண்டலாம். பழைய கியரில் அது நிமிடத்துக்கு 41 சுற்று, ஒவ்வொரு மிதியும் படி ஏறுவது மாதிரி இருக்கும், ஹேண்டில்பார் இடமும் வலமும் ஆடும். இப்போது 50. உட்கார்ந்தபடியே ஏற முடிகிறது, ஆனால் சுலபமாகச் சுற்றுகிறது என்று சொன்னால் பொய். 34 பல் போட்டால் எந்த மலையையும் சுற்றிக்கொண்டே ஏறலாம் என்று சொல்வதை நம்பாதீர்கள். உங்கள் பக்கத்து மலையில் 15 சதவீதச் சாலை இருந்தால் முன்பக்கத்தையும் மாற்ற வேண்டும், 46/30 கிராங்க் அதற்கு ஏற்றது. இன்னொரு விஷயம், கொண்டை ஊசி வளைவில் உள் ஓரம்தான் மிகச் செங்குத்து. எதிரே வண்டி வரவில்லை என்று நன்றாகத் தெரிந்தால் மட்டும், உங்கள் பக்கத்துக்குள்ளேயே கொஞ்சம் வெளியே தள்ளி வளையுங்கள், நான்கைந்து மிதிக்கு ஓய்வு கிடைக்கும்.

சரி, குறை. பழைய 11-28-இல் பல்கள் 11, 12, 13, 14, 15 என்று ஒவ்வொன்றாகக் கூடி, அப்புறம் 17, 19, 21, 23, 25, 28. எச்ஜி800-இல் 11, 13, 15, 17 என்று ஆரம்பத்திலிருந்தே இரண்டிரண்டாகத் தாண்டி 27 வரை போய், பிறகு 30, 34. 14 இல்லை. சமதரையில் நான்கைந்து பேர் சேர்ந்து மணிக்கு 36 கி.மீ.யில் போகும்போது 50-14-இல் நிமிடத்துக்கு 80 சுற்று வரும், என் காலுக்குப் பொருத்தமான எண் அது. இப்போது 15-இல் போட்டால் 86, 13-இல் போட்டால் 74. ஒன்று கால் பறக்கிறது, இல்லையென்றால் கனக்கிறது. முன்னால் போகிறவர் வேகத்தைக் கொஞ்சம் கூட்டினாலும் குறைத்தாலும் நான் கியரை மாற்றிக்கொண்டே இருக்கிறேன். முதல் இரண்டு மாதம் இது எரிச்சலாகவே இருந்தது, இப்போது பழகிவிட்டது, ஆனால் பிடித்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். தனியாக ஓட்டும்போது இந்தக் குறை பெரிதாகத் தெரிவதில்லை. வாரத்தில் நான்கு நாள் சமதரையில் கூட்டமாக ஓட்டி, மாதம் ஒரு முறை மட்டும் மலைக்குப் போகிறவர் என்றால் 11-32 கேசட்டைப் பாருங்கள், அல்டெக்ரா ஆர்8000 வரிசையில் இருக்கிறது. அதில் 12, 14, 16 எல்லாம் உண்டு, பெரிய பல்லில் இழப்பது இரண்டே இரண்டு. இறக்கத்தில் எதிலும் வித்தியாசம் இல்லை, 11 பல் எல்லாவற்றிலும் அங்கேயே இருக்கிறது.

எடை சில பத்து கிராம் கூடும். மலையில் அதை யாரும் உணரப்போவதில்லை.

பொருத்துவதில்தான் கவனம் வேண்டும், எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதலில் ஒரு பட்டறையில் கொடுத்தேன். பழைய செயினே போதும் என்று அதையே போட்டுக் கொடுத்தார்கள். நகரத்துக்குள் ஒன்றும் தெரியவில்லை. அடிவாரத்தில், முன்னால் 50-இல் இருப்பதைக் கவனிக்காமல் பின்னால் பெரிய பல்லுக்குத் தட்டினேன். பின்னால் செயினை ஒரு பல்லிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் டெரெய்லியரின் கூண்டு முன்பக்கமாக நீட்டி இழுபட்டு, செயின் கம்பி மாதிரி விறைத்து நின்றது, பெடல் மேலே நகரவே இல்லை. இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றி, செயினைக் கையால் சின்னப் பல்லுக்குத் தள்ளித்தான் மீள முடிந்தது. இன்னும் கொஞ்சம் அழுத்தி மிதித்திருந்தால் டெரெய்லியரைச் சட்டகத்தோடு பிடித்திருக்கும் ஹேங்கர் முறிந்து சக்கரத்துக்குள் போயிருக்கும். அதனால் கேசட்டோடு புதுச் செயினும் சேர்த்தே வாங்குங்கள். முன்னால் பெரியது, பின்னால் பெரியது இரண்டையும் சுற்றி, டெரெய்லியருக்குள் விடாமல் அளந்து, அதற்கு மேல் இரண்டு கண்ணி கூடுதலாக விட்டு வெட்டச் சொல்லுங்கள். வெட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

டெரெய்லியரும் பொருந்த வேண்டும். ஷிமானோ 105 ஆர்7000-இல் எஸ்எஸ் என்ற குட்டைக் கூண்டு 30 பல் வரைதான் தாங்கும், ஜிஎஸ் என்ற நீளமானது 34 வரை. உட்பக்கம் எழுதியிருக்கும், வாங்கும் முன் பாருங்கள். அடுத்தது ஸ்பேசர். எச்ஜி800 உண்மையில் 10 கியர் அகல ஹப்புக்கு, அதாவது கேசட் உட்காரும் சக்கர மையத்துக்கு, செய்தது, அதனால் 11 கியர் ரோடு ஹப்பில் போடும்போது அதன் பின்னால் 1.85 மி.மீ. வளையம் ஒன்று வர வேண்டும். அதை விட்டுவிட்டால், கேசட்டை இறுக்கிப் பிடிக்கும் லாக்ரிங்கை எவ்வளவு முறுக்கினாலும் கேசட் கையோடு ஆடும். பழைய 10 கியர் சக்கரம் வைத்திருப்பவர்களுக்கு இது நல்ல செய்தி, அந்தச் சக்கரத்திலேயே வளையம் இல்லாமல் 11 கியர் கேசட் உட்கார்ந்துவிடும். லாக்ரிங்குக்கு 40 நியூட்டன் மீட்டர் முறுக்கு. கடைசியாக பி-டென்ஷன் திருகு, டெரெய்லியரின் மேல் புல்லிக்கும் கேசட்டுக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்வது. 34 பல்லில் செயின் இருக்கும்போது மேல் புல்லி பல்லோடு உரசினால் கரகர என்று சத்தம் வரும், திருகை உள்ளே முறுக்கி, உரசல் நிற்கும் இடத்தில் விடுங்கள். அதற்கு மேல் தள்ளி வைத்தால் கியர் மாறுவது மந்தமாகிவிடும். இந்தத் திருகைச் சரிசெய்த பிறகுதான் 30-இலிருந்து 34-க்கு மாறுவது எனக்குச் சுத்தமாக வந்தது, அதற்கு முன் ஒவ்வொரு முறையும் அரை நொடி தயங்கும்.

34 பல் என்றால் தொடக்கக்காரர்களின் கியர் என்று இன்னும் சிலர் பேசுகிறார்கள். ஒரு காலத்தில் பந்தய வீரர்கள் முன்னால் 39, பின்னால் 23 வைத்துப் பெரிய மலைகளை ஏறினார்கள், உண்மைதான், அவர்களுடைய கால் வேறு. 2021-இல் ஷிமானோ தன் உச்ச வரிசையான டுரா-ஏஸை 12 கியராக மாற்றியபோது அதிலேயே 11-34 கேசட்டைக் கொடுத்தது. பந்தயத்துக்கென்றே செய்யும் வரிசைக்கு அது தேவைப்படுகிறது என்றால், வேலைக்கு நடுவே வாரம் மூன்று நாள் ஓட்டுகிற நமக்குத் தேவைப்படாதா?

தேய்மானம் இதுவரை நன்றாகவே இருக்கிறது. மழையில் ஓட்டிய அன்றே செயினைத் துடைத்து எண்ணெய் விடுகிறேன், செயின் எவ்வளவு தேய்ந்து நீண்டிருக்கிறது என்று காட்டும் அளவி 0.5 சதவீதம் காட்டியதும் செயினை மாற்றிவிடுகிறேன், இதுவரை ஒரு செயின் போயிருக்கிறது. நான் அதிகம் ஓட்டும் 17, 19 பல்களில் மட்டும் லேசான தேய்மானம் தெரிகிறது, 34-இல் பூச்சுகூட இன்னும் முழுக்கப் போகவில்லை.