மணியா, கலர் பட்டியா, கதவா: பூனை வளக்குற வீட்டுக் கொல்லைல குருவி பொழைக்க எது உருப்படி?

எங்க வீடு வடுவூர் பக்கம், ஏரிக்கு நடந்தே போயிடலாம். கார்த்திகை மார்கழின்னா தலைக்கு மேல நத்தைக்குத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் போயிட்டே இருக்கும். 2022ல ஏரிய ராம்சார் பட்டியல்ல, அதாவது உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல வேற சேத்தாங்க, அங்க வெடி போடக்கூடாது வேட்டையாடக்கூடாதுன்னு சின்ன புள்ளைக்கும் தெரியும், ஆனா வீட்டுக் கொல்லைல நடக்குற வேட்டைய யாரும் கணக்குல எடுக்கறது இல்ல. ஏரி நடுவுல கருவ மரத்துல ஒக்காந்திருக்கற நாரைய எங்க வீட்டு பூனை ஒண்ணும் பண்ணிட முடியாது. நான் சொல்ல வந்தது கொல்லைல இருக்கறதுங்கள பத்தி: தவுட்டுக்குருவி, கொண்டைக்குருவி, தையல்சிட்டு, தேன்சிட்டு, அப்பறம் வாய்க்கா ஓரத்துல திரியற கானாங்கோழி.

பூனை பேரு செவலை. அப்பாயி வளக்குறது. பத்தாயத்துல நெல்லு கெடக்கு, சம்பா அறுப்பு முடிஞ்சு வயலு காஞ்சதும் எலி எல்லாம் வீட்டப் பாத்துதான் வரும், வயல்ல கிட்டி வச்சு புடிக்கலாம் வீட்டுக்குள்ள என்ன பண்றது, அதனால பூனை வேண்டாம்ங்கற பேச்சுக்கே எங்க வீட்டுல எடம் இல்ல. இத மொதல்லயே சொல்லிடறேன், ஏன்னா இந்த விஷயத்துல அறிவுரை சொல்றவங்க முக்காவாசி பேரு ஃபிளாட்டுல இருக்கறவங்க.

போன வருஷத்துக்கு முன்னாடி பங்குனில செம்பருத்திச் செடில கொண்டைக்குருவி கூடு கட்டி மூணு குஞ்சு. றெக்கை முழுசா வளரறதுக்கு முன்னாடியே கூட்ட விட்டு எறங்கிடும்ங்க இதுங்க, ரெண்டு மூணு நாளு தரைலயும் செடிக்கடியிலயும் தத்தி தத்தி திரியும், ஆத்தாளும் அப்பனும் அங்கயே வந்து ஊட்டும். அந்த ரெண்டு மூணு நாள்லதான் எல்லாம் போகும். காலைல அஞ்சே முக்காலுக்கு செவலை ஒண்ண கொண்டாந்து அடுப்படி வாசப்படில வச்சுது. இன்னொண்ண நான் ஓடிப்போயி வாயிலேர்ந்து புடுங்கினேன், ரத்தமே இல்ல, நல்லா கண்ண முழிச்சு பாத்துது, கூடைல துணி போட்டு வச்சேன், மறுநா காலைல செத்துக் கெடந்துச்சு. பூனை பல்லுல பாஸ்சுரெல்லான்னு ஒரு பாக்டீரியா இருக்கு, ஊசி முனையளவு ஓட்டை போதும், குருவி ஒடம்புக்கு அது வெஷம் மாதிரி. காப்பாத்திட்டோம்னு பறக்க விட்டு சந்தோஷப்படுறோமே, அதுல பலது இப்படித்தான் எங்கயாவது போயி விழுந்திருக்கும்.

எங்க பூனை பரம சாது, ஒண்ணையும் தொடாதுன்னு நெனைக்கிறவங்களுக்கு ஒரு கணக்கு. அமெரிக்கால ஜார்ஜியா பல்கலைக்கழகத்துல 55 வீட்டுப் பூனைங்க கழுத்துல குட்டி கேமரா மாட்டி விட்டு 2012ல சொன்னாங்க: புடிச்சதுல 23 சதவீதம்தான் வீட்டுக்கு வந்துச்சு, மீதிய அங்கயே தின்னுடுச்சு இல்ல கொன்னு போட்டுட்டு போயிடுச்சு. நம்ம வாசப்படில ஒண்ணு பாத்தா கொல்லைல இன்னும் மூணு இருக்கும்னு வச்சுக்கங்க. (எங்க வீட்டுல கேமராவே வேணாம், தவுட்டுக்குருவி கூட்டம் எந்த மூலைல நின்னு கத்துதோ அந்த மூலைல செவலை இருக்கும்.)

சரி, ஒண்ணரை வருஷமா ஒவ்வொண்ணா பண்ணிப் பாத்ததுல எது எப்படின்னு சொல்றேன்.

மொதல்ல மணி. எல்லாரும் மொதல்ல செய்யறது இதான், நானும் மன்னார்குடி கடைத்தெருவுல எம்பது ரூபாய்க்கு மணி வச்ச பட்டி வாங்கியாந்தேன். ஆராய்ச்சிலயே இதுக்கு ஒத்த பதில் கெடையாது. 2005ல இங்கிலாந்துல பண்ணினதுல மணி கட்டுன பூனை வீட்டுக்கு கொண்டாந்த பறவை 41 சதவீதம் கொறைஞ்சுதுன்னு வந்துச்சு. அதே இங்கிலாந்துல எக்ஸெட்டர் பல்கலைக்கழகம் 219 வீட்டுல 355 பூனைய வச்சு பண்ணி 2021ல வெளியிட்டதுல மணியால சொல்லிக்கிற மாதிரி ஒரு வித்தியாசமும் இல்லன்னு வந்துச்சு. என் கண்ணால பாத்தத கேட்டா நான் ரெண்டாவது கட்சி. பூனை ஓடி வெரட்டி புடிக்கற ஜாதி இல்லயே, பதுங்கி அசையாம ஒக்காந்திருக்கும், அப்ப மணி எங்க அடிக்கும், பாயும்போதுதான் அடிக்கும், அதுக்குள்ள காரியம் முடிஞ்சுடும். அதோட ராத்திரி பூரா பரண் மேல கிணிங் கிணிங்னு சத்தம், எலி உஷாராயிடும்னு அப்பாயி ஒரே வாரத்துல அறுத்து எறிஞ்சுடுச்சு. அப்பாயி சொன்னதுலயும் ஞாயம் இருக்கு.

ரெண்டாவது கலர் பட்டி. இதப் பத்திதான் நெறைய சொல்லணும். கழுத்துப் பட்டி மேல அகலமா, கண்ண குத்துற மாதிரி கலர்ல ஒரு துணிச் சுருக்கு மாட்டி விடறது, அவ்வளவுதான். வெளிநாட்டுல பர்ட்ஸ்பீசேஃப்ன்னு ஒரு பேர்ல விக்கிறாங்க. நான் வாங்கல, தீவாளிக்கு எடுத்த ஜாக்கெட் பிட்டு மீந்தது செவப்பும் மஞ்சளும் கெடந்துச்சு, தெரு முக்கு டைலர் அக்காகிட்ட குடுத்து நாடா கோக்கற மாதிரி வளையமா தச்சு வாங்கிட்டேன். மொத தடவ மாட்டுனப்ப அப்பாயி "பூனைக்கு எதுக்குடி தாவணி"ன்னுச்சு. செவலையும் ரெண்டு நாளு பின்னாடியே நடந்துச்சு, அப்பறம் மறந்துடுச்சு.

இது ஏன் வேலை செய்யுதுன்னா பறவைக்கு நிறம் நம்மள விட நல்லா தெரியும், நம்ம கண்ணுல நிறம் பாக்க மூணு வகை செல்லுன்னா அதுங்களுக்கு நாலு. காஞ்ச வாழைச்சருகு நிறத்துல பூனை பம்முறது தெரியாது, ஆனா சருகுக்குள்ள செவப்பு மஞ்சள் வளையம் நகந்தா தெரியும். எலிக்கு நிறம் அவ்வளவா பிடிபடாது, அதும் இருட்டுல. அந்த எக்ஸெட்டர் கணக்குலயே இதான் வந்துச்சு, கலர் பட்டி போட்ட பூனைங்க கொண்டாந்த பறவை 42 சதவீதம் கொறைஞ்சுது, எலி மாதிரி பிராணிங்க கொறையல. அங்க அத ஒரு குறையா பாத்திருப்பாங்க, பத்தாயத்துல நெல்லு வச்சிருக்கற எங்களுக்கு அதாங்க வரம். குருவிய விட்டுடணும் எலிய புடிக்கணும், ரெண்டும் ஒரு ஜாக்கெட் பிட்டுல நடக்குதுன்னா வேறென்ன வேணும்.

ஆனா ரெண்டு விஷயம். பட்டி இழுத்தா தானா கழண்டுக்கற கொக்கியா இருக்கணும், நாய்க்கு போடற பக்கிள் பட்டிய போட்டுடாதீங்க, மரத்துல ஏறும்போது கிளைல மாட்டிக்கிட்டா தூக்குதான், இல்ல முன்னங்கால் உள்ள நொழஞ்சு அக்குள அறுத்துடும். கழண்டு கழண்டு போகும், நான் இதுவரைக்கும் அஞ்சு தச்சாச்சு, போனா போவுது. ரெண்டாவது, தரைல தத்துற குஞ்சுக்கு இது ஒரு பிரயோஜனமும் இல்ல. செவப்பு வருது மஞ்ச வருதுன்னு பாத்தாலும் அது எங்க பறக்கும்?

குஞ்சுக்கு பதில் கதவுதான். பூனைய வீட்டுக்குள்ளயே வளக்கறதுதான் இருக்கறதுலயே முழுசா நிக்கற வழி, இதுல மறுபேச்சு இல்ல, தஞ்சாவூர்ல அக்கா ஃபிளாட்டுல அப்படித்தான் இருக்கு, மண்ணு தட்டு வச்சு, ஜன்னலுக்கு வலை அடிச்சு, அதுவும் கொழுகொழுன்னு சந்தோஷமாத்தான் இருக்கு. எங்க வீடு நாட்டு ஓடு, நடுவுல முத்தம், ஓட்டுக்கும் செவுத்துக்கும் நடுவுல கையே போகும், நாள் பூரா கதவு தொறந்து கெடக்கும். இதுல எங்க அடைக்கறது?

அதனால நான் பாதி கதவுன்னு ஒண்ணு வச்சுக்கிட்டேன். பொழுது சாயறதுக்கு முன்னாடி செவலை உள்ள, காலைல எட்டு மணிக்கு வெளிய. பூனை வேட்டைக்கு சுறுசுறுப்பா இருக்கறது விடியக்காலமும் அந்திப்பொழுதும், குருவிங்க தரைல எறங்கி மேயறதும் பெரும்பாலும் காலைலதான், அந்த நேரத்துல ரெண்டையும் பிரிச்சு விட்டாலே பெரிய விஷயம். இதுல இன்னொரு லாபம், பத்தாயம் வீட்டுக்குள்ளதான இருக்கு, ராத்திரி பூனை எலி இருக்கற எடத்துலயே இருக்கு, முன்னாடி அது பாட்டுக்கு ஊரு சுத்திட்டு வரும். முத்தத்துக்கு மேல கொரங்குக்காக ஏற்கனவே கம்பி போட்டிருந்தோம், அது மேல கோழி வலை விரிச்சு கட்டுனோம், ஓட்டு சந்துக்கு மட்டைய வெட்டி சொருகுனோம், அப்படியும் மொத வாரம் மூணு தடவ தப்பிச்சுது. ராத்திரி சாப்பாட்ட ஆறு மணிக்கு உள்ள வச்சு பழக்குனதும் தானா வந்துடுது. பழக்கம் புடிக்க ஒரு மாசம் ஆச்சு, அது வரைக்கும் விடியக்காலைல கதவ பிராண்டுற சத்தத்துல யாரும் தூங்கல, அப்பா என்னையும் பூனையையும் சேத்து திட்டுனாரு.

கூட்ட விட்டு குஞ்சு எறங்கற நாள் தெரிஞ்சா அந்த ஒரு வாரம் பத்து நாளு பகல்லயும் அடைச்சிடறேன். இது ஓவரா தெரிஞ்சா ஜெர்மனில வால்டார்ஃப்னு ஒரு ஊரு இருக்கு, அங்க தரைல கூடு கட்டுற கொண்டை வானம்பாடிக்காக 2022ல மே மாசத்துலேர்ந்து ஆகஸ்ட் கடைசி வரைக்கும் ஊரோட தெக்குப் பகுதி பூனைய பூரா வெளிய விடக்கூடாதுன்னு உத்தரவே போட்டாங்க, மீறுனா 500 யூரோ அபராதம். நான் பத்து நாளுதான் கேக்கறேன்.

வலைக்கூண்டும் யோசிச்சேன், அதாவது திண்ணையோட ஒட்டி வலை அடிச்சு பூனைக்கு ஒரு தனி முத்தம். வேதாரண்யம் பக்கம் சித்தப்பா வீட்டுல மீன்புடி வலை பழசு சும்மா கெடைச்சுதுன்னு மூங்கில் நட்டு கட்டுனாங்க, பாக்க அழகாத்தான் இருந்துச்சு, ஒரு மாசத்துல சாரைப்பாம்பு ஒண்ணு மாட்டி அறுபட்டு செத்துச்சு. நைலான் வலை அப்படித்தான், பாம்பும் மாட்டும் குருவியும் மாட்டும், எத காப்பாத்த கட்டுறோமோ அதையே கொல்லும். கட்டுனா கோழி வலை, தரையோட அடிச்சு எறக்கி. செலவு ஆயிரக்கணக்குல போகும், கஜா மாதிரி ஒரு காத்து அடிச்சா மறுபடி மொதல்லேர்ந்து. எனக்கு சரிப்படல.

சாப்பாட்டு விஷயம் நான் எதிர்பாக்காதது. எக்ஸெட்டர்ல மாமிசம் நெறைய இருக்கற தீனிய குடுத்த பூனைங்க கொண்டாந்த உருப்படி 36 சதவீதம் கொறைஞ்சுது, தெனம் அஞ்சு பத்து நிமிஷம் விளையாட்டு காட்டுனதுல 25. தீனிய ஒளிச்சு வச்சு தேடித் திங்க விடற டப்பா ஒண்ணு இருக்கே, அது குடுத்த பூனைங்க 33 சதவீதம் கூடுதலா கொண்டாந்துச்சாம்! நம்ம பக்கம் பூனைக்கு பால்சோறு. பட்டினி போட்டாத்தான் எலி புடிக்கும்னு ஒரு நம்பிக்கை வேற. பசியில்லாட்டியும் பூனை பாயும்ங்க, அது வேற நரம்பு, ஆனா ஒடம்புக்கு வேண்டிய மாமிசமே கெடைக்கலன்னா அது வெளியதான தேடும். இப்ப கெளுத்தி தலையும் கோழிக் குடலும் வேக வச்சு போடறோம், அந்த ஆராய்ச்சில குடுத்த டப்பா தீனியும் இதும் ஒண்ணுன்னு சொல்ல மாட்டேன், தனியா இத மட்டும் நம்பி இருக்கவும் மாட்டேன். விளையாட்டுல கொறைஞ்சது பறவை இல்ல, எலி மாதிரியானதுங்கதான், அதனால அப்பாயிகிட்ட அத சொல்லவே இல்ல.

கொல்லைய மாத்துறது சின்ன வேலை, ஆனா அத விட்டுட்டு மத்ததெல்லாம் பண்ணி பிரயோஜனம் இல்ல. தென்னைல எலி ஏறாம இருக்க தகரம் சுத்துவோம்ல, அதே தகரத்த கூடு இருக்கற மாமரத்துலயும் முருங்கைலயும் கொஞ்சம் அகலமா சுத்துனா பூனையும் ஏறாது, நகம் வழுக்கும். செம்பருத்தி அடில எலந்த முள்ளு. அப்பறம் வெயில் காலத்துல எல்லாரும் புண்ணியத்துக்கு சட்டில தண்ணி வைக்கறாங்க, வச்சா செடிக்கு பக்கத்துல நெழலாப் பாத்து வைக்கறாங்க, அது பூனைக்கு பந்தி போட்ட மாதிரி. சுத்தி ரெண்டு மூணு கஜம் வெட்டவெளியா இருக்கணும், இல்ல ஒசரத்துல தொங்க விடணும்.

கடைசில ஒரு வழி இருக்கு, நம்மூர்ல ரொம்ப பேரு செய்யறது: சாக்குல கட்டி ஆத்துக்கு அந்தாண்ட கொண்டுபோயி விடறது. இத நான் போட்டிலயே சேக்கல. சோறு தண்ணி இல்லாம தவிக்கிற மாதிரி வளத்த பிராணிய விட்டுட்டு வர்றது 1960 வதைத் தடுப்புச் சட்டப்படி குத்தம், அது ஒருபக்கம். விட்ட எடத்துல அது பட்டினில முழுநேர வேட்டைக்காரனா ஆயிடும், குட்டி வேற போடும். அமெரிக்கால பூனைங்க வருஷத்துக்கு 130 கோடிலேர்ந்து 400 கோடி பறவை கொல்லுதுன்னு 2013ல ஒரு கணக்கு வந்துச்சே, அதுல பெரும்பங்கு வீட்டுப் பூனை இல்ல, இப்படி ஆளில்லாம திரியறதுதான். அதனால குடும்பக் கட்டுப்பாடுதான் இதுக்கு மாத்து. ஆபரேஷன் பண்ணுனா இருக்கற பூனை வேட்டைய விட்டுடும்னு நெனைக்காதீங்க, விடாது, ரெண்டு மாச சினைக்கு ஒருதரம் வர்ற நாலு அஞ்சு குட்டி வராது, அவ்வளவுதான். ஆனா அந்த நாலு அஞ்சுதான் அடுத்த வருஷ சாக்குமூட்டை.

கைல இருநூறு ரூபாதான் இருக்கு, ஒண்ணே ஒண்ணுதான் பண்ணுவேன்னா கலர் பட்டி. காசே இல்லன்னா காலைல எட்டு மணி கதவு, அதுக்கு பொறுமைதான் செலவு. ரெண்டும் பண்ணுனா ஒண்ணோட ஓட்டைய இன்னொண்ணு அடைக்குது, வளந்த குருவிக்கு பட்டி, குஞ்சுக்கு கதவு. மணிக்கு குடுக்கற எம்பது ரூபாய்க்கு கெளுத்தி வாங்கிப் போடுங்க.

இந்த பங்குனில அதே செம்பருத்தில மறுபடி கூடு, ரெண்டு குஞ்சு, ரெண்டும் வேலி தாண்டி போனத கண்ணால பாத்தேன். செவலை பத்து நாளும் ஜன்னல் கம்பிக்கு பின்னாடி பல்ல நறநறன்னு ஆட்டிக்கிட்டு ஒக்காந்திருந்துச்சு. ஆனா வாய்க்கா ஓரத்துல கானாங்கோழி குஞ்சு அஞ்சுல ரெண்டுதான் மிச்சம், அது பக்கத்து வீட்டு கடுவன் வேலை, அதுக்கு பட்டியும் கெடையாது கதவும் கெடையாது. ரொம்ப நாளா கெஞ்சுனதுல அந்த வீட்டு பெரியம்மா இப்பதான் எறங்கி வந்திருக்காங்க, ஆபரேஷனுக்கு ஒரத்தநாட்டு கால்நடை கல்லூரிக்கு கொண்டுபோயி காட்ட சரின்னுட்டாங்க. கோழிக்கூடை ரெடியா இருக்கு, கடுவனத்தான் காலைலேர்ந்து காணல.