மீஸ்: ஃபோல்டர் மாறினால் வெர்ஷனும் மாறும்

என் கையில் மூன்று புராஜெக்ட்கள். ஒன்று, ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் மென்பொருளின் 16-ஆம் வெர்ஷனில் நிற்கிறது. அதில் கோடை ஒன்றாகக் கட்டித்தருவது பழைய வெப்பேக் 4. நோட் 17-இலிருந்து என்க்ரிப்ஷன் நூலகமான ஓப்பன்எஸ்எஸ்எல் 3 வந்துவிட்டதால், அதற்குமேல் எதில் ஓட்டினாலும் ‘டிஜிட்டல் என்வலப்’ பிழையைக் காட்டி பில்ட் நின்றுவிடும். இரண்டாவது நோட் 22. மூன்றாவதில் பைதானும் ரூபியும்.

முன்பு வெர்ஷன் மாற்றுவதற்கென்றே நோடுக்கு என்விஎம், பைதானுக்குப் பைஎன்வி, ரூபிக்கு ஆர்பிஎன்வி வைத்திருந்தேன். மூன்றும் நல்லவைதான். ஆனால் எந்த ஃபோல்டரில் எதற்கு மாற வேண்டும் என்பது என் நினைவில்தான் இருந்தது. ஒருநாள் நோட் 22 ஓடுவதைப் பார்க்காமல் பழைய புராஜெக்ட்டில், பாக்கேஜ்களை நிறுவும் ‘என்பிஎம் இன்ஸ்டால்’ கட்டளையைக் கொடுத்துவிட்டேன். பிறகு 16-க்கு மாறி ஓட்டினால், மாட்யூல் வெர்ஷன் 127-க்குக் கம்பைல் ஆகியிருக்கிறது, வேண்டியது 93 என்று பிழை (127 என்பது நோட் 22-க்கு உரியது, 93 நோட் 16-க்கு). காரணம் புரிவதற்குள் காலைப் பொழுது முழுக்கப் போய்விட்டது.

அன்றைக்கு மீஸுக்கு மாறினேன், ஆறு மாதம் ஆகிறது. பல மொழிகளின் வெர்ஷன்களையும் ஒரே இடத்தில் பார்த்துக்கொள்ளும், ரஸ்ட் மொழியில் எழுதிய கருவி. 2024 தொடக்கம் வரை இதன் பெயர் ஆர்டிஎக்ஸ். பழைய கட்டுரைகளில் அப்படித்தான் இருக்கும்.

ஃபோல்டருக்குள் போய் ‘மீஸ் யூஸ் நோட்@16’ என்று அடித்தால், அந்த நோட் இல்லையென்றால் இறக்கிவைத்துவிட்டு, அங்கேயே ஒரு டாம்ல் ஃபைலில் (அமைப்புகளை எழுதிவைக்கும் டெக்ஸ்ட் ஃபைல்) எழுதிவிடுகிறது. அந்த ஃபைல் கோடோடு சேர்ந்தே கிட் ரெப்போவில் போகிறது. புதிதாகச் சேர்ந்தவர் குளோன் செய்து, ‘மீஸ் டிரஸ்ட்’ கொடுத்து, ‘மீஸ் இன்ஸ்டால்’ கொடுத்தால் போதும். ‘டிரஸ்ட்’ எதற்கு என்று ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. அந்த ஃபைலுக்குக் கட்டளைகளை ஓட்டும் சக்தி உண்டு என்று தெரிந்தபின், கேட்பதுதான் சரி என்று பட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது இது வேலை செய்யும் விதம். டெர்மினலில் ஒவ்வொரு முறை பிராம்ப்ட் வரும்போதும் நிற்கும் ஃபோல்டரைப் பார்த்து, கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர்களின் பட்டியலான ‘பாத்’தை மாற்றிவைக்கிறது. நடுவில் ஷிம், அதாவது உண்மையான நோடுக்கு அழைப்பைக் கடத்திவிடும் இடைநிலை ஃபைல், கிடையாது. ‘விச் நோட்’ என்று கேட்டால் உண்மையான நோட் இருக்கும் இடமே வருகிறது. எது ஓடுகிறது என்ற சந்தேகம் வந்தால் இதைவிட நேரான பதில் வேறு இல்லை.

ஆனால் பிராம்ப்ட் இல்லாத இடத்தில் இந்த வழி வேலை செய்யாது. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான், எடிட்டருக்குள்ளிருந்து கோடில் பிழை பார்க்கும் லின்டர் இதற்கெல்லாம் ஷிம் ஃபோல்டரைத் தனியாகப் பாத்தில் சேர்க்க வேண்டும், அல்லது ‘மீஸ் எக்ஸெக்’ வழியாக ஓட்ட வேண்டும். நிறுவும் அன்றே இதைச் செய்துவிடுங்கள். அப்புறம் இன்னொன்று: ‘நோட்@22’ என்று மட்டும் எழுதினால் 22-இல் அன்றைக்குப் புதியது எதுவோ அது வரும். எல்லோரிடமும் ஒரே எண் இருக்க வேண்டுமானால் ‘பின்’ ஆப்ஷனைச் சேர்த்துக் கொடுங்கள், முழு எண்ணையும் எழுதிவைக்கும்.

பைதான் ஏற்கனவே கம்பைல் செய்த கோப்பாகவே வருவதால் சீக்கிரம் முடிந்தது. ரூபி என் மெஷினில் கம்பைல் ஆகித்தான் வந்தது, பொறுமை வேண்டும். ஒரே மொழியில் ஒரே புராஜெக்ட் வைத்திருப்பவர் இதற்காக இருப்பதை மாற்ற வேண்டாம். இரண்டு மூன்று மொழிகளுக்கு நடுவே அலைபவர் தயங்காமல் மாறலாம்.

நோட் 16-க்கான ஆதரவு 2023 செப்டம்பரிலேயே முடிந்துவிட்டது, அதை இனியும் தள்ளிப்போட முடியாது. தனி பிராஞ்ச் எடுத்து, டாம்ல் ஃபைலில் 16-ஐ 22 ஆக்கியிருக்கிறேன். பிராஞ்ச் மாற்றினால் நோடும் கூடவே மாறுகிறது, பழைய பிராஞ்சில் அவசரமாக எதையாவது திருத்த வேண்டியிருந்தாலும் பயமில்லை. வெப்பேக் 5-க்கு மாற்றும் வேலை இப்போது பாதி முடிந்திருக்கிறது.