கைக்கணினியில் இடம் கூட்ட: மெமரி கார்டா, எஸ்எஸ்டியா?

கணினி விளையாட்டுகளைக் கையில் வைத்தே ஆட உதவும் ஸ்டீம் டெக் 2022 பிப்ரவரியில் வெளிவந்தபோது அதன் அடிப்படை மாடலில் 64 ஜிபி இடமே இருந்தது. பெரிய விளையாட்டு ஒன்றே 100 ஜிபியைத் தாண்டிவிடும் நிலையில், அந்த மாடலை வைத்திருப்பவர் எப்படியும் இடத்தைக் கூட்டித்தான் ஆக வேண்டும். மைக்ரோ எஸ்டி கார்டு போடலாம், உள்ளே இருக்கும் சேமிப்பை எடுத்துவிட்டுப் பெரிய எஸ்எஸ்டி (சிப்பில் தரவைச் சேமிக்கும் வேகமான டிரைவ்) பொருத்தலாம், யுஎஸ்பி வழியாக வெளி டிரைவை இணைக்கலாம். மூன்றாவதை இப்போதே ஒதுக்கிவிடுகிறேன்: கருவியில் இருப்பது ஒரே ஒரு யுஎஸ்பி-சி போர்ட், அதில் டிரைவைத் தொங்கவிட்டால் சார்ஜருக்கு இடமில்லை.

கார்டு வாங்கப்போனால் முதலில் குழப்புவது அதன்மேல் அச்சிட்டிருக்கும் குறியீடுகள்தாம். யு3, வி30 ஆகிய இரண்டும் தொடர்ச்சியாக எழுதும்போது நொடிக்குக் குறைந்தது 30 எம்பி என்றே உறுதி கூறுகின்றன. அது வீடியோ எடுப்பவருக்கு உதவும் கணக்கு. விளையாட்டோ ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படிப்பது. அதற்குப் பார்க்க வேண்டியவை ஏ1, ஏ2 என்ற குறிகள். நொடிக்கு 1500 வாசிப்புகளை ஏ1 உறுதிசெய்கிறது, 4000 வாசிப்புகளை ஏ2 உறுதிசெய்கிறது. ஆனால் ஏ2 கார்டு அந்த எண்ணிக்கையை எட்ட, கட்டளைகளை வரிசைப்படுத்தி அனுப்பும் வசதி கருவியிலும் இருக்க வேண்டும். அது இல்லாத கருவியில் ஏ2வுக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். வேகமும் இப்படித்தான். ஸ்டீம் டெக்கின் ஸ்லாட் யுஎச்எஸ்-1 வகை, அதன் உச்சவரம்பு நொடிக்கு 104 எம்பி. அட்டையில் 200 எம்பி என்று பெரிதாகப் போட்டிருந்தாலும், யுஎச்எஸ்-2 கார்டில் வேகத்தைக் கூட்டும் இரண்டாவது வரிசை ஊசிகள் இருந்தாலும், இன்னும் வேகமான மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் கார்டையே கொண்டுவந்து செருகினாலும் இந்த வரம்பு நகராது.

எஸ்எஸ்டியின் வேகமோ நொடிக்கு ஆயிரம் எம்பியைச் சாதாரணமாகத் தாண்டும். ஸ்டீம் டெக்கில் பொருந்துவது எம்.2 2230 அளவு, அதாவது 22 மில்லிமீட்டர் அகலமும் 30 மில்லிமீட்டர் நீளமும் கொண்ட சிறு பலகை. ஆனால் பத்து மடங்கு வேகம் என்பதால் விளையாட்டும் பத்து மடங்கு விரைவாகத் திறக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. திறக்கும் நேரத்தில் பெரும்பகுதி, படித்த தரவை விரித்தெடுக்கும் செயலியின் வேலையில் கழிகிறது. மாற்றும் வேலையும் சற்றுக் கவனம் கேட்பது. பின்மூடியின் எட்டுத் திருகாணிகளைத் தொடுவதற்கு முன்னரே மைக்ரோ எஸ்டி கார்டை வெளியே எடுத்துவிட வேண்டும். மறந்து மூடியை நெம்பினால் கார்டு இரண்டாக முறிந்துவிடும். பிறகு பேட்டரி இணைப்பைக் கழற்றி, புதிய எஸ்எஸ்டியைப் பொருத்தி, இயங்குதளத்தைப் பென்டிரைவிலிருந்து மீண்டும் நிறுவ வேண்டும்.

என் தீர்ப்பு மாடலைப் பொறுத்தது. 256 ஜிபியோ அதற்கு மேலோ இருந்தால் ஏ1 தரத்தில் நல்ல கார்டு ஒன்றே போதும். 64 ஜிபி மாடலில் அது முழுத் தீர்வாகாது. விளையாட்டைக் கார்டில் வைத்தாலும் அதன் ஷேடர் கேஷ் (காட்சிகளை வரையத் தயாரித்து வைக்கும் கோப்புகள்) முதலியவை உள் சேமிப்பிலேயே குவிவதால், சில மாதங்களில் இடமில்லை என்ற எச்சரிக்கை மறுபடி வரும். அங்கே எஸ்எஸ்டி பொருத்துவதே சரி.

கார்டைத் தேர்ந்தவர் இரண்டில் கவனமாக இருக்க வேண்டும். விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாத எக்ஸ்ட்4 முறையில் ஸ்டீம் டெக் கார்டை ஃபார்மட் செய்வதால், அதை விண்டோஸ் கணினியில் செருகினால் ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்கும். பழக்கத்தில் சம்மதித்தால் உள்ளதெல்லாம் போய்விடும். மற்றொன்று போலிக் கார்டு. அது 1 டிபி என்று காட்டும், உண்மையான கொள்ளளவு நிரம்பும்வரை ஒழுங்காக நடந்துகொள்ளும், அதன்பின் எழுதுவதெல்லாம் சத்தமில்லாமல் தொலையும். ஆகவே வாங்கிய அன்றே, எதையும் ஏற்றுவதற்கு முன், விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற சோதனை நிரல் கொண்டோ லினக்ஸில் எஃப்3 கொண்டோ கார்டு முழுவதையும் எழுதி, திரும்பப் படித்துச் சோதித்துவிடுங்கள். பெரிய கார்டுக்குச் சில மணி நேரம் பிடிக்கும்.