பிறைப் பட்டறையின் மூங்கில் வில்லும் காம்பவுண்ட் வில் பழுதுபார்ப்பும்

பினாங்குப் பெருநிலத்தில், பிறை தொழிற்பேட்டைக்குப் பின்னால், பெயர்ப்பலகை இல்லாத சிறு பட்டறை ஒன்றில் தமிழர் ஒருவர் மூங்கில் வில்களைத் தம் கையாலேயே செய்து விற்கிறார். முனைகளில் சக்கரங்களும் கேபிள்களும் பூட்டிய காம்பவுண்ட் வில்களைப் பழுதும் பார்க்கிறார். கடந்த நான்கு மாதங்களில் அவரிடம் ஒரு மூங்கில் வில் வாங்கினேன். என் பழைய காம்பவுண்ட் வில்லுக்குப் புதிய நாணும் கேபிள்களும் மாற்றிக்கொண்டேன்.

மூங்கில் வில்லின் விலை 280 ரிங்கிட். மூங்கிலில் நார்கள் வெளித்தோலை ஒட்டியே நெருக்கமாக இருப்பதால், இலக்கை நோக்கியிருக்கும் முதுகுப் பக்கத்தில் அத்தோலைச் சீவாமல் விட்டுவிட்டு, உட்பக்கத்தை மட்டும் சிறிது சிறிதாகச் சுரண்டி, கைப்பிடிக்கு மேலும் கீழும் உள்ள இரு தண்டுகளும் ஒன்றுபோல் வளையும்வரை பொறுமையாகச் சமன்செய்கிறார். சற்றே நீண்டு கொடுக்கும் டாக்ரான் என்னும் செயற்கை இழை நாணைப் பூட்டியிருப்பதால் வில்முனைகளில் அதிர்ச்சி குறைகிறது. ஆயிரம் அம்புகளுக்கு மேல் எய்துவிட்டேன், விரிசல் இல்லை. நாணைக் கழற்றிய பின்பும் இலேசான வளைவு தங்கிவிடுகிறது என்பது உண்மைதான். மூங்கிலில் அது இயல்பே.

நான் மிகவும் மதித்தது அவர் விளக்கிய விதத்தை. மீன் நிறுக்கும் தொங்கு தராசில் நாணைக் கோத்து இழுத்துக் காட்டினார். மூங்கில் வில் 20 அங்குல இழுவையில் 22 பவுண்டும் 28 அங்குல இழுவையில் 37 பவுண்டுமாக, இழுக்க இழுக்கக் கனத்துக்கொண்டே போனது. என் காம்பவுண்ட் வில்லோ பாதி இழுவைக்குள்ளேயே 50 பவுண்டைத் தொட்டு, நெடுந்தூரம் அங்கேயே நின்று, முடிவில் 10 பவுண்டுக்கு இறங்கிவிட்டது. அச்சு நடுவில் அமையாத கேம் சக்கரம் சுழலும்போது நாணின் பக்கம் ஆரம் பெரிதாகிக் கேபிளின் பக்கம் சிறிதாகிறது. ஆகவே நீண்ட நெம்புகோலைப் பிடித்தவரைப் போல, முழுதும் வளைந்த தண்டுகளை எய்பவர் சிறு விசையிலேயே தாங்கி நின்று நிதானமாகக் குறிபார்க்க முடிகிறது. உச்ச விசை நெடுந்தூரம் நீடிப்பதால் வில்லில் சேரும் ஆற்றலும் மிகுதி. பத்து ஆண்டுகளாக அந்த வில்லை எய்துவரும் எனக்கு இது அன்றுதான் தெளிவாக விளங்கியது.

அமெரிக்காவின் மிசூரியைச் சேர்ந்த ஹோல்லஸ் வில்பர் ஆலன் 1966இல் விண்ணப்பித்து 1969இல் காப்புரிமை பெற்ற இவ்வகை வில், சாதாரண வில்லின் முனைகளை அறுத்துக் கப்பி பூட்டிய வீட்டு முயற்சியாகவே தொடங்கியது. நாமும் செய்து பார்க்கலாமா என்று கேட்டேன். “தம்பி, மூங்கில் வில் செய்யக் கற்றுத் தருகிறேன், இது வேண்டாம்” என்று உறுதியாக மறுத்துவிட்டார். இழுக்காத நிலையிலும் இதன் தண்டுகள் பெரும் விசையில் இறுகியிருப்பதால், தண்டுகளை அழுத்திப் பிடிக்கும் அழுத்துப்பொறி இன்றிக் கேபிளைக் கழற்றுவது கையையும் கண்ணையும் பறித்துவிடக்கூடும். வாடிக்கையாளரை இழந்தாலும் பரவாயில்லை என்று சொல்லும் இந்த நேர்மைக்காகவே இப்பட்டறையைப் பரிந்துரைக்கிறேன். கேபிள் மாற்றும் வேலையும் சுத்தம். இரு கேம்களும் இப்போது ஒரே கணத்தில் வந்து நிற்கின்றன.

குறை அம்புகளில்தான். மூங்கில் வில்லோடு தந்த ஆறும் அதன் விசைக்கு மீறிய விறைப்புடையவை என்பதால், வலக்கையால் இழுக்கும் எனக்கு இடப்புறமாகவே விலகின. சொன்னதும் கட்டணமின்றி மாற்றிக் கொடுத்தார், முதலிலேயே கவனித்திருக்கலாம்.

ஞாயிறு காலையில் மட்டுமே பட்டறை திறந்திருக்கும். புது வில்லுக்கு ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். என் மகளுக்காக 18 பவுண்டு மூங்கில் வில் ஒன்றுக்கு முன்பணம் கட்டியிருக்கிறேன்.