பேரனுடன் இசைச் சிகிச்சைக்கு: ஒரு வயலின் ஆசிரியையின் மதிப்பீடு

அவசரத்தில் இருப்பவர்களுக்காகத் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வடமேற்கு லண்டனில் எங்கள் பகுதியில் இயங்கும் இந்த இசைத் தொண்டு நிறுவனம் இரண்டு சேவைகளை நடத்துகிறது. வாரநாளில் ஒரு பிள்ளைக்குத் தனியாக நடக்கும் இசைச் சிகிச்சை, கொடுக்கும் காசுக்கு மேலேயே பெறும். சனிக்கிழமைகளில் எல்லோரையும் சேர்த்து நடக்கும் பட்டறையோ, அன்று யார் நடத்துகிறார் என்பதைப் பொறுத்தது. குறைகளையும் எழுதப் போவதால் பெயரைத் தவிர்க்கிறேன். இங்கிலாந்தின் பல நகரங்களில் இதுபோன்ற நிறுவனங்கள் உண்டு. அவற்றில் ஒன்றைத் தேடும் பெற்றோருக்கு இது பயன்படட்டும்.

நான் யாழ்ப்பாணத்தில் வயலின் படித்தவள். இங்கே ஹரோவில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். மகளின் மகனுக்கு ஏழு வயது, ஆட்டிசம். பேச்சு மிகக் குறைவு. என்னை ‘அம்மம்’ என்று பாதியில் நிறுத்தி அழைப்பான், அதுவும் பசி வந்தால்தான்.

நம்மவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: இது பாட்டு வகுப்பு அல்ல. காத்திருக்கும் அறையில் ஒரு தாய், “கிரேடு பரீட்சைக்கு எப்போது விடுவீர்கள்?” என்று கேட்டதை என் காதால் கேட்டேன். பரீட்சை கிடையாது, கற்றுத்தரும் பாட்டும் கிடையாது. பள்ளித் தவணை முடிவில் பிள்ளைக்கு ‘ட்விங்கிள் ட்விங்கிள்’ வாசிக்கத் தெரிந்திருக்காது. அதை எதிர்பார்த்துப் போகிறவர்கள் பணத்தை மிச்சம் பிடிக்கலாம்.

சிகிச்சை அறை சிறியது. ஓரத்தில் ஒரு பியானோ, நடுவே தாங்கியில் ஒரு டிரம், பக்கத்தில் அவன் உயரத்துக்கு இறக்கி வைத்த சிம்பல் என்ற உலோகத் தாளத்தட்டு. மற்ற வாத்தியங்களெல்லாம் அலமாரிக்குள், பூட்டிய நிலையில். கண்ணைப் பறிக்கும் படமோ விளையாட்டுச் சாமானோ இல்லை. பெரியவர்கள் வழக்கமாக வெளியேதான் இருக்க வேண்டும். அவன் பழகும் வரைக்கும் என்னை மூலையில் உட்கார விட்டார்கள், வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. ஒரு சங்கீத ஆசிரியைக்கு இதைவிடக் கடுமையான தண்டனை இருக்க முடியாது.

அவன் அறையைச் சுற்றி ஓடினான். ஓடும்போது ‘ங்’ என்று ஒரு முனகல். வீட்டிலும் நாள் முழுக்க அதுதான். பெரும்பாலும் இரண்டரைக் கட்டை சுருதியில் நிற்கும். சிகிச்சையாளர் ஏதோ வாசித்துக்கொண்டிருந்தவர், அதைக் கேட்டதும் நிறுத்தினார். இடது கையால் அந்த ஸ்வரத்தைப் பிடித்து, அதையே ஆதார ஷட்ஜமாக, அதாவது அடிப்படை ‘ஸ’வாக வைத்துக்கொண்டு, மேலே இரண்டு மூன்று ஸ்வரங்களை மட்டும் சேர்த்தார். அவன் ஓட்டம் நிற்கவில்லை. ஆனால் அவன் கால் தளர்ந்தபோது பியானோவும் தளர்ந்தது. அவன் பாய்ந்தபோது அதுவும் பாய்ந்தது. சுவரருகே சட்டென்று நின்றான். பியானோவும் நின்றது. திரும்பிப் பார்த்தான்.

அவர் ஒன்றும் செய்யவில்லை. புன்னகைக்கவோ, ‘வா’ என்று கூப்பிடவோ இல்லை. காத்திருந்தார். அவன் வந்து சிம்பலை ஒரு அடி அடித்தான். அவர் பியானோவில் ஒரு அடி. அவன் இரண்டு, அவரும் இரண்டு. கச்சேரியில் தாள வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கமும் கஞ்சிராவும் குறைத்துக் குறைத்து மாறி வாசிப்பதுபோல் அது கொஞ்ச நேரம் நீண்டது. முடிந்ததும் யாரும் கைதட்டவில்லை, ‘கெட்டிக்காரன்’ என்று கூவவில்லை. அதற்காகவே அவருக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். என் வகுப்பில் நானாக இருந்தால் கூவியிருப்பேன்.

பியானோ, டிரம், சிம்பல் என்ற இந்தச் சேர்க்கைக்கு ஒரு வரலாறு உண்டு. 1959இல் இங்கிலாந்தின் வூஸ்டர்ஷயரில் உள்ள சன்ஃபீல்ட் சிறுவர் இல்லத்தில், அமெரிக்க இசையமைப்பாளர் பால் நோர்டாஃபும் அங்கே ஆசிரியராக இருந்த கிளைவ் ராபின்ஸும் சந்தித்தார்கள். பிள்ளை எழுப்பும் எந்த ஒலியையும், அழுகையைக்கூட, இசையின் தொடக்கமாக எடுத்துக்கொண்டு அந்த இடத்திலேயே வாசிப்பதுதான் அவர்கள் வகுத்த முறை. அமர்வுகளைப் பதிவு செய்து, பிறகு நொடி நொடியாகக் கேட்டு ஆராய்வதும் அவர்கள் விட்டுச்சென்ற வழக்கம். அவர்கள் பெயரில் இயங்கும் ‘நோர்டாஃப் ராபின்ஸ்’தான் இன்று பிரிட்டனின் மிகப் பெரிய இசைச் சிகிச்சைத் தொண்டு நிறுவனம். எங்கள் சிகிச்சையாளரும் அந்த வழியில் பயின்றவர். நான் வெளியே அனுப்பப்பட்ட பிறகு, மாதம் ஒருமுறை அவர் போட்டுக் காட்டும் பதிவுகளைப் பார்ப்பதுதான் எனக்குப் பெரிய ஆறுதல்.

ஒருநாள் அவர், பையனுக்கு வீட்டில் என்ன பாடுவீர்கள் என்று கேட்டார். நீலாம்பரி ராகத்தில் ஒரு தாலாட்டு, என் அம்மாவிடமிருந்து வந்தது, பாடிக் காட்டினேன். அவர் உடனே பியானோவில் எடுத்தார். ஸ்வரங்கள் சரி, ஆனால் வந்தது அதன் தாய் ராகமான சங்கராபரணம். நீலாம்பரியின் உயிர் கமகத்தில், ஸ்வரங்களை அசைத்து வளைப்பதில், இருக்கிறது; பியானோவின் கட்டைகளுக்கு இடையே அதற்கு இடமில்லை. இதைச் சொன்னால் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்கினேன். அவர் பியானோவை மூடிவிட்டு, “இன்னொரு தடவை பாடுங்கள்” என்றார். அடுத்த வாரப் பதிவில் அவர் வாத்தியமே இல்லாமல் வாயால் முணுமுணுத்தார். சுத்தமான நீலாம்பரி என்று சத்தியம் செய்ய மாட்டேன். பேரன் அவர் தொண்டையில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இதைப் படித்துவிட்டு யாரும் எனக்கு அந்த வாட்ஸ்அப் பட்டியலை அனுப்ப வேண்டாம். இன்ன ராகம் இரத்த அழுத்தத்துக்கு, இன்ன ராகம் சர்க்கரை வியாதிக்கு என்று மருந்துக்கடை விலைப்பட்டியல் போல் சுற்றிவரும் அது, சங்கீதத்துக்கும் மருத்துவத்துக்கும் ஒரே நேரத்தில் இழுக்கு. இங்கே ராகம் நோயைத் தீர்க்கவில்லை. இரண்டு பேர் ஒருவரையொருவர் கேட்கிறார்கள், அவ்வளவுதான்.

சரி, பலன் உண்டா? என் மகள் மருந்தாளர். எதற்கும் ஆய்வுக் கட்டுரை கேட்பவள். அவள் எடுத்து வந்தவற்றில் ஒன்று 2017இல் ‘ஜாமா’ மருத்துவ இதழில் வந்தது. ஒன்பது நாடுகளில் நான்கு முதல் ஏழு வயது வரையான 364 ஆட்டிசப் பிள்ளைகளை வைத்துச் செய்த ஆய்வு. ஐந்து மாத முடிவில், சமூகத் தொடர்பு சார்ந்த அறிகுறிகளில் இசைச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் மற்றவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2022ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வோ 26 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, பொதுவான முன்னேற்றத்திலும் வாழ்க்கைத் தரத்திலும் பலன் இருக்கக்கூடும் என்கிறது. பேச்சில் தெளிவான பலன் காட்ட முடியவில்லை. ஆகவே ‘இதற்கு அனுப்பினால் பேச்சு வரும்’ என்று எந்த நிறுவனமாவது வாக்குக் கொடுத்தால் வாசலிலேயே திரும்பிவிடுங்கள். எங்களுடையவர்கள் அப்படி எதுவும் சொல்லவில்லை. வீட்டில் நாங்கள் காண்பது, செவ்வாய்க்கிழமை மாலைகளில் அவன் மேசையைத் தட்டிவிட்டு எங்கள் முகத்தைப் பார்ப்பது. நாங்களும் தட்டுகிறோம். இரவுச் சாப்பாடு ஆறிப்போகும்.

ஆள் தகுதி பார்ப்பது எளிது. பிரிட்டனில் ‘இசைச் சிகிச்சையாளர்’ என்ற பட்டம் சட்டப் பாதுகாப்புப் பெற்றது, சுகாதார, பராமரிப்புத் தொழில்களை ஒழுங்குபடுத்தும் எச்.சி.பி.சி. அமைப்பின் பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் போட்டுக்கொள்ளலாம். பதிவேடு இணையத்தில் இலவசமாக இருக்கிறது. பெயரைத் தட்டிப் பாருங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை.

கட்டணம்தான் இடிக்கும். அரை மணி நேரத்துக்கு, நான் ஒரு முழு வயலின் வகுப்புக்கு வாங்குவதைவிட அதிகம். தொண்டு நிறுவனம் நன்கொடையிலிருந்து ஒரு பகுதியைக் குறைத்துத் தருகிறது, வருமான விவரம் காட்ட வேண்டும். ஆனால் பிள்ளைக்கு இ.எச்.சி. பிளான், அதாவது சிறப்புத் தேவையுள்ள பிள்ளைக்கு உள்ளூர் கவுன்சில் எழுதித்தரும் கல்வி, சுகாதார, பராமரிப்புத் திட்டம், இருந்தால் இன்னொரு வழி உண்டு. பிள்ளைக்குத் தர வேண்டிய உதவிகளைச் சொல்லும் அதன் ‘எஃப்’ பிரிவில் இசைச் சிகிச்சையை, வாரத்துக்கு எத்தனை, எவ்வளவு நேரம் என்ற கணக்கோடு எழுதவைத்துவிட்டால், அதை ஏற்பாடு செய்யும் சட்டக் கடமை கவுன்சிலுக்கு வந்துவிடுகிறது. 2014ஆம் ஆண்டின் பிள்ளைகள், குடும்பங்கள் சட்டம் தரும் உரிமை இது. ‘இசை வாய்ப்புகள் வழங்கப்படலாம்’ என்று மழுப்பலாக எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இனி சனிக்கிழமைப் பட்டறை. ஒரு தேவாலய மண்டபத்தில் ஒன்றரை மணி நேரம். கட்டணம் இயன்றதைக் கொடுக்கலாம். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் உண்டு, அடுத்து என்ன நடக்கும் என்று காட்டும் பட அட்டைகள் உண்டு, இரைச்சல் பிடிக்காதவர்களுக்குக் காதுமூடிகள் ஒரு கூடை நிறைய இருக்கும். பாட்டை நடத்துபவர், பேச்சோடு சேர்த்துக் காட்டும் மக்கட்டன் என்ற முறையின் சைகைகளையும் சேர்த்துச் செய்கிறார். எனக்கு மிகவும் பிடித்தது சவுண்ட்பீம். காதுக்குக் கேட்காத ஒலியலையைப் பாய்ச்சி, அதன் குறுக்கே கையோ தலையோ அசைந்தால் அசைவை ஸ்வரமாக மாற்றும் கருவி. பிபிசியின் ‘லைஃப் ஆன் எர்த்’ தொடருக்கு இசையமைத்த எட்வர்ட் வில்லியம்ஸ் உருவாக்கியது. கழுத்தை மட்டுமே அசைக்கக்கூடிய ஓர் இளைஞர் அதில் தலையைச் சாய்த்துச் சாய்த்து ஒரு முழுப் பாட்டுக்கும் துணை வாசித்தார். காலப்பிரமாணம், அதாவது வேகம் பிசகாமல் வாசிப்பது, என் மாணவர்கள் பலரைவிடச் சுத்தம்.

பட்டறையை நடத்தும் மூத்த பயிற்சியாளர் இருக்கும் நாளில் கதை இப்படி. அவர் வராத நாளில் வேறு மண்டபம்போல் ஆகிவிடுகிறது. ஒலிபெருக்கியைக் கூட்டி வைத்து, இருபது டிரம்களை ஒரே நேரத்தில் அடிக்கவிட்டு, “எல்லோரும் சேர்ந்து!” என்று கத்துவதை எல்லோரையும் சேர்த்துக்கொள்வதாக நினைக்கும் இளைஞர்கள் வருகிறார்கள். அப்படி ஒருநாள் பேரன் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போனான். அமைதி அறைக்கு அழைத்துப்போனால், உள்ளே மடக்கு நாற்காலிகள் கூரைவரை அடுக்கிக் கிடந்தன. பயிற்சியாளர் மாறுவதை முன்கூட்டியே சொல்லுங்கள் என்று மின்னஞ்சல் அனுப்பினேன். மரியாதையான பதில் வந்தது. பழக்கம் மாறவில்லை. நாற்காலிகளை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

ஆகவே சிகிச்சையைத் தொடர்கிறோம். சனிக்கிழமைக்கு முந்தின நாள் தொலைபேசியில் அழைத்து, நாளை யார் என்று கேட்டுவிட்டே போகிறோம். சேர விரும்புபவர்கள் இப்போதே பெயர் கொடுங்கள். காத்திருப்போர் பட்டியல் தவணைக் கணக்கில் நீள்கிறது. சிகிச்சையாளரின் எழுத்து அறிக்கையைத் தவணை முடிவில் தாங்களாகத் தர மாட்டார்கள், கேட்டு வாங்க வேண்டும். இ.எச்.சி. பிளானின் வருடாந்த மீளாய்வுக் கூட்டத்துக்கு முன்பே அது உங்கள் கையில் இருக்க வேண்டும்.