மாஸ்கோ சரக்கா, வாஷிங்டன் சரக்கா? டெல்லி எதை எங்கே வாங்குகிறது, ஏன்

அரக்கோணம் ஐஎன்எஸ் ராஜாளி தளத்திலிருந்து இந்தியப் பெருங்கடலைக் கண்காணிக்கக் கிளம்பும் பி-8ஐ விமானம் அமெரிக்காவின் போயிங் செய்தது. அதே கடற்படையின் தல்வார் வகைப் போர்க்கப்பல்கள் ரஷ்யாவில் கட்டியவை. கூடங்குளத்தில் ஓடுவது ரஷ்ய அணு உலை. திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியில் சுமார் மூன்றில் ஒரு பங்கு போய்ச் சேர்வது அமெரிக்காவுக்கு.

இந்தியா யார் பக்கம் என்ற கேள்வி தொலைக்காட்சி விவாதத்துக்குத்தான் உதவும். பொருள்வாரியாகப் பார்ப்பதே பயனுள்ளது: இதை ரஷ்யாவிடம் வாங்கினால் என்ன கெடும், அமெரிக்காவிடம் வாங்கினால் என்ன கெடும்? பொதுவாக ரஷ்யாவில் சிக்கல் தாமதமாகவும் விலையேற்றமாகவும் வருகிறது. அமெரிக்காவில் சட்டமாகவும் நிபந்தனையாகவும் வருகிறது. முன்னதைப் பணத்தாலும் பொறுமையாலும் சமாளிக்கலாம். பின்னது ஒரு கையெழுத்தில், ஒரே நாளில் வந்துவிடும்.

ஆயுதம்

ரஷ்யாவின் பலம், வேறு யாரும் தராததைத் தருவது. அணுசக்தியில் இயங்கும் நீர்மூழ்கியை இந்தியாவுக்குக் குத்தகைக்கு விட்ட ஒரே நாடு அது. முதல் ‘சக்ரா’ 1988இல் வந்து 1991இல் திரும்பிப் போனது. இரண்டாவது 2012 முதல் 2021 வரை இருந்தது. அமெரிக்கா இதைப் பேச்சுக்குக்கூட எடுக்காது. 1998 ஒப்பந்தத்தில் பிறந்த பிரம்மோஸ் ஏவுகணையில் இந்தியாவின் பங்கு 50.5%, ரஷ்யாவின் பங்கு 49.5%. 2022இல் பிலிப்பைன்ஸுக்கு அதை 37.5 கோடி டாலருக்கு விற்கவும் மாஸ்கோ குறுக்கே நிற்கவில்லை. சுகோய்-30 எம்கேஐ விமானத்தை நாசிக்கில் அரசு விமான நிறுவனமான எச்ஏஎல் உரிமம் பெற்றுத் தயாரித்தது. அதில் இஸ்ரேல், பிரான்ஸ் நாட்டுக் கருவிகளைப் பொருத்திக்கொள்ளவும் ரஷ்யா ஒப்புக்கொண்டது. வாங்கியவர் தன் விருப்பப்படி கை வைக்கலாம் என்ற இந்தச் சுதந்திரத்துக்குப் படைகளில் தனி மதிப்பு உண்டு.

விலை வேறு கதை. விக்ரமாதித்யா விமானந்தாங்கியைப் புதுப்பிக்க 2004இல் பேசிய தொகை 97.4 கோடி டாலர், தருவதாகச் சொன்ன ஆண்டு 2008. கப்பல் கைக்கு வந்தது 2013 நவம்பரில், சுமார் 235 கோடி டாலர் செலவில். பழைய கப்பலைத் திறந்து பார்த்தபோது மாற்றவேண்டிய கேபிள்களும் குழாய்களும் மதிப்பீட்டைவிடப் பல மடங்கு இருந்தன. பாதிப் பணம் கொடுத்த பிறகு பின்வாங்க வழியில்லை என்பது விற்பவருக்கும் தெரியும்.

எஸ்-400 வான்காப்பு அமைப்புக்கு 2018 அக்டோபர் 5 அன்று 543 கோடி டாலருக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. ஐந்து தொகுதிகளில் முதலாவது 2021 டிசம்பரில் வரத் தொடங்கியது. மூன்று வந்து சேர்ந்தன. உக்ரைன் போர் வந்ததும் மீதி இரண்டும் அறிவித்த காலத்தைத் தாண்டித் தள்ளிப்போயின. தனக்கே ஆயுதம் போதாத நாடு ஏற்றுமதியைத்தான் முதலில் குறைக்கும். துஷில், தமால் என்ற புதிய தல்வார் வகைக் கப்பல்களில் இன்னொரு விசித்திரம். கட்டியது ரஷ்யாவின் காலினின்கிராட் தளம், ஓட்டும் வாயுச்சுழலி எஞ்சின் உக்ரைனின் சோர்யா-மஷ்புரோயெக்ட் நிறுவனத்துடையது. 2014க்குப் பின் உக்ரைன் ரஷ்யாவுக்கு எஞ்சின் விற்கவில்லை. இந்தியாவே எஞ்சின்களை வாங்கி ரஷ்யத் தளத்திடம் ஒப்படைத்துக் கப்பலை முடிக்கவைத்தது. இரு பக்கமும் பேச முடிந்ததால் கிடைத்த நேரடி லாபம் இது.

அமெரிக்க ஆயுதம் பெரும்பாலும் அரசுக்கு அரசு முறையில் வருகிறது. கோரிக்கைக் கடிதம் போகும், அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு அறிவிப்பு போகும், பிறகு விலைக் கடிதம் வரும், பணம் தவணையாக முன்கூட்டியே கட்டப்படும். விலை வெளிப்படையானது, தரம் நம்பத்தக்கது. 2009க்குப் பின் வந்த பி-8ஐ 12, சி-17 போக்குவரத்து விமானம் 11, எம்777 பீரங்கி 145, அப்பாச்சி, சினூக் ஹெலிகாப்டர்கள் எனப் பெரும்பாலானவை கண்காணிக்கவும் ஆட்களையும் தளவாடத்தையும் உயரத்துக்கு விரைவாகக் கொண்டுசேர்க்கவும் உதவுபவை. 2024 அக்டோபரில் ஒப்பந்தமான 31 எம்கியூ-9பி ட்ரோன்களும் அந்த வரிசைதான். ஆனால் வாங்கிய கருவி எங்கே இருக்கிறது, எப்படிப் பயன்படுகிறது என்று பார்வையிட அமெரிக்க அதிகாரிகளுக்கு உரிமை உண்டு. மறைகுறியீட்டுத் தொடர்புக் கருவிகளைத் தர 2018இல் காம்காசா ஒப்பந்தம் கையெழுத்தாக வேண்டியிருந்தது. அதுவரை பி-8ஐ, சி-130ஜே விமானங்கள் சந்தையில் பொதுவாகக் கிடைக்கும் தொடர்புக் கருவிகளோடுதான் பறந்தன.

டெல்லியின் பழைய அதிகாரிகள் மறக்காத ஆண்டு 1998. பொக்ரான் சோதனைக்குப் பின் வந்த தடையால், பிரிட்டனில் செய்த சீ கிங் ஹெலிகாப்டர்களுக்கே உதிரிபாகம் நின்றது, உள்ளே அமெரிக்கப் பாகங்கள் இருந்ததால். தேஜஸ் விமானத்தின் பறப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளுக்காக அமெரிக்காவில் வேலை பார்த்த இந்தியப் பொறியாளர்கள் வெறுங்கையோடு ஊர் திரும்பினர். அமெரிக்கத் தடை நேரடியாக வாங்கிய பொருளோடு நிற்காது, மூன்றாம் நாட்டுப் பொருளுக்குள் இருக்கும் பாகத்தையும் பிடிக்கும்.

தாமதம் ரஷ்யாவின் தனிச்சொத்தும் அல்ல. தேஜஸ் மார்க்-1ஏ விமானத்துக்காக 2021இல் ஜெனரல் எலெக்ட்ரிக்கிடம் கேட்ட 99 எஃப்404 எஞ்சின்களில் முதலாவது 2025 மார்ச்சில்தான் வந்தது. நின்றுபோன தயாரிப்பு வரிசையை அந்த நிறுவனம் மறுபடி உயிர்ப்பிக்கவேண்டியிருந்தது. உடல் தயாராக, எஞ்சின் இல்லாமல் விமானங்கள் பெங்களூரில் காத்திருந்தன.

துருக்கிக்கு அடி, இந்தியாவுக்கு மௌனம்

ரஷ்யாவிடம் பெரிய ஆயுதம் வாங்குவோரைத் தண்டிக்க அமெரிக்கா 2017இல் காட்சா சட்டம் இயற்றியது. எஸ்-400 வாங்கிய சீனாவின் ராணுவக் கொள்முதல் அமைப்பு 2018இல் தடைக்குள்ளானது. அதையே வாங்கிய துருக்கி 2019 ஜூலையில் அமெரிக்காவின் எஃப்-35 போர் விமானத் திட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டது. 2020 டிசம்பரில் தடையும் வந்தது. இந்தியா மீது தடை வரவில்லை. விலக்கு தந்ததாக எழுத்துப்பூர்வ ஆணையும் இல்லை.

துருக்கி நேட்டோ உறுப்பினர், எஃப்-35 தயாரிப்பில் பங்காளி. எஸ்-400 ரேடார் பக்கத்திலேயே ஓடினால் எஃப்-35 வானில் எப்படித் தெரிகிறது என்ற தரவு ரஷ்யப் பொறியாளர் கைக்குப் போகும் என்பது வாஷிங்டனின் அச்சம். இந்தியாவிடம் எஃப்-35 இல்லை, எல்லையில் சீனா இருக்கிறது. உறுப்பினராக இல்லாதவரிடம் விசுவாசம் எதிர்பார்ப்பதும் குறைவு. கூட்டணியில் சேராமல் இருப்பதன் கைமேல் பலன் இது. இதன் மறுபக்கம், எஸ்-400 இருக்கும்வரை எஃப்-35 கிடைப்பது கடினம். 2025 பிப்ரவரியில் டிரம்ப் அதற்கு வழி திறப்பதாக அறிவித்தும் காரியம் நகரவில்லை.

அணு உலை: கூடங்குளமும் கொவ்வாடாவும்

இந்த வரிசையில் ரஷ்யா தெளிவாக முந்துகிறது. கூடங்குளத்துக்கான ஒப்பந்தம் 1988இல், ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் இருந்த காலத்தில் கையெழுத்தானது. கட்டுமானம் 2002இல் தொடங்கியது. இடிந்தகரைப் போராட்டத்தைக் கடந்து முதல் உலை 2013 ஜூலையிலும் இரண்டாவது 2016 ஜூலையிலும் இயக்கநிலைக்கு வந்தன. ஒவ்வொன்றும் 1,000 மெகாவாட். மேலும் நான்கு அங்கேயே எழும்புகின்றன.

அமெரிக்கா பக்கம் பாருங்கள். இந்தியாவுக்கு அணு வணிகத்தின் கதவைத் திறந்ததே வாஷிங்டன்தான், 2008 ஒப்பந்தத்தின் வழியாக. பலன் மற்றவர்களுக்குப் போனது. ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டம் கொவ்வாடாவில் வெஸ்டிங்ஹவுஸின் ஆறு ஏபி1000 உலைகள் என்பது ஆண்டுக்கணக்கில் காகிதத்திலேயே இருக்கிறது. காரணம் இரண்டு. 2010 அணு விபத்து இழப்பீட்டுச் சட்டத்தின் 17(பி) பிரிவு, பழுதான பொருள் தந்த நிறுவனத்திடம் இழப்பீடு கேட்கும் உரிமையை இயக்குபவருக்குத் தந்தது. பங்குதாரருக்குப் பதில் சொல்லவேண்டிய அமெரிக்கத் தனியார் நிறுவனம் அந்த ஆபத்தை ஏற்கத் தயங்கியது. ரஷ்யாவின் ரோசாட்டம் அரசு நிறுவனம். கடனும் தரும், ஆபத்தை விலையில் ஏற்றியும் வைக்கும். கூடங்குளம் 1, 2 உலைகளின் திருத்திய மதிப்பு 22,462 கோடி ரூபாய். அடுத்த இரண்டுக்கு 39,849 கோடி. இரண்டாவது காரணம், வெஸ்டிங்ஹவுஸ் 2017 மார்ச்சில் திவால் மனு கொடுத்தது.

குறை இல்லாமல் இல்லை. கூடங்குளத்தின் செறிவூட்டிய யுரேனிய எரிபொருள் கட்டுகள் ரஷ்யாவிலிருந்தே வரவேண்டும். உலையின் ஆயுள் முழுக்க அந்தக் கயிறு மாஸ்கோவின் கையில் இருக்கும்.

எண்ணெயும் சந்தையும்

2024-25 கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். அமெரிக்காவுக்கு இந்தியா ஏற்றுமதி செய்த சரக்கு சுமார் 8,650 கோடி டாலர், இறக்குமதி சுமார் 4,530 கோடி. ரஷ்யாவுக்கு ஏற்றுமதி சுமார் 490 கோடி, இறக்குமதி சுமார் 6,380 கோடி. ஒருவர் வாடிக்கையாளர், மற்றவர் கடைக்காரர்.

2022க்கு முன் இந்தியாவின் கச்சா எண்ணெய் இறக்குமதியில் ரஷ்யாவின் பங்கு 2 சதவீதத்துக்கும் குறைவு. தள்ளுபடி வந்ததும் அது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. எண்ணெய் வந்தது, பணம் கொடுப்பதில்தான் இழுபறி. முக்கிய ரஷ்ய வங்கிகள் உலக வங்கிகளை இணைக்கும் ஸ்விஃப்ட் வலையமைப்பிலிருந்து நீக்கப்பட்டதால், ரிசர்வ் வங்கி 2022 ஜூலையில் ரூபாயில் கணக்கு தீர்க்க, வெளிநாட்டு வங்கிகள் இந்திய வங்கிகளில் வைக்கும் சிறப்பு வோஸ்ட்ரோ கணக்குகளை அனுமதித்தது. ரஷ்யா இந்தியாவிடம் வாங்கும் சரக்கு சொற்பம், ரூபாயை வெளியே மாற்றவும் முடியாது. கோடிக்கணக்கான ரூபாய் இந்திய வங்கிகளில் கிடக்கிறது, பயன்படுத்த முடியவில்லை என்று 2023 மே மாதம் கோவாவில் ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவே சொன்னார். அதனால் ஐக்கிய அரபு அமீரகத்தின் திர்ஹம் போன்ற நாணயங்களுக்கு வியாபாரம் நகர்ந்தது.

அமெரிக்கா தன் சந்தையை வைத்து அடித்தது. 2025 ஆகஸ்ட் 7இல் 25% வரி, ரஷ்ய எண்ணெயைக் காரணம் காட்டி ஆகஸ்ட் 27 முதல் இன்னும் 25%. ஐம்பது சதவீதத்தில் திருப்பூர் பனியனும் ஆந்திர இறாலும் போட்டியிட முடியவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் செய்யும் ஐபோனுக்கோ விலக்கு இருந்தது. எண்ணெயில் மிச்சம் பிடித்தது சுத்திகரிப்பு நிறுவனங்கள், அடி வாங்கியது தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருப்பவர்கள். இந்தப் பங்கீட்டைப் பற்றி டெல்லியில் போதிய பேச்சு இல்லை. பிறகு 2025 அக்டோபரில் ரஷ்ய எண்ணெய் நிறுவனங்களான ரோஸ்நெஃப்ட், லுக்காயில் இரண்டின் மீதும் அமெரிக்கத் தடை வந்தது.

குஜராத்தின் வாடினார் ஆலையை நடத்தும் நயாரா எனர்ஜியில் ரோஸ்நெஃப்டின் பங்கு 49.13%. 2025 ஜூலையில் ஐரோப்பியத் தடை வந்ததும் மைக்ரோசாஃப்ட் அதன் மின்னஞ்சல் சேவையைச் சில நாள் நிறுத்திவைத்தது. இந்திய மண்ணில் இருக்கும் ஆலைக்கே இந்தக் கதி.

சீனா வந்தால்

2020 ஜூன் 15 கல்வான் மோதலில் 20 இந்திய வீரர்கள் இறந்த பின், அமெரிக்கா தகவலும் கடுங்குளிர் ஆடைகளும் தந்தது. ராஜ்நாத் சிங் ஒரு வாரம் கழித்து மாஸ்கோ போனார். ரஷ்யா யார் பக்கமும் பேசவில்லை. செப்டம்பரில் ஜெய்சங்கரும் சீன வெளியுறவு அமைச்சர் வாங் யீயும் சந்திக்க இடம் கொடுத்தது, உதிரிபாகத்தையும் நிறுத்தவில்லை. அன்று அது போதுமானதாக இருந்தது. 2022க்குப் பின் ரஷ்யப் பொருளாதாரம் சீனாவை எவ்வளவு சார்ந்திருக்கிறது என்று பார்த்தால், அடுத்த மோதலிலும் அதே நடுநிலை கிடைக்கும் என்று எழுதிவைக்க முடியாது. ரஷ்யப் பக்கத்தில் மிகப் பெரிய ஓட்டை இதுதான்.

மூன்றாவது வழி

உலக ஆயுத வணிகத்தைக் கணக்கிடும் ஸ்டாக்ஹோம் ஆய்வு நிறுவனமான சிப்ரியின் கணக்கில் இந்திய ஆயுத இறக்குமதியில் ரஷ்யாவின் பங்கு 2010-14இல் 72%, 2020-24இல் 36%. விழுந்த பங்கில் பெரும்பகுதி வாஷிங்டனுக்குப் போகவில்லை. பிரான்ஸ் 33% வரை வந்துவிட்டது. 1998இல் தடை போடாத நாடு அது. 2016இல் 36 ரஃபேல், 2025 ஏப்ரலில் கடற்படைக்கு 26. விலை அதிகம், ஆனால் ரஷ்யத் தாமதமும் அமெரிக்க நிபந்தனையும் குறைவு.

பொருள்வாரியாகச் சொன்னால், அணு நீர்மூழ்கி, ஏவுகணை, அணு உலைக்கு மாஸ்கோவை விட்டால் ஆளில்லை. கண்காணிப்புக்கும் போக்குவரத்துக்கும் வாஷிங்டன், சில ஆண்டுக்கான உதிரிபாகத்தை முன்கூட்டியே வாங்கி அடுக்கிவைத்துக்கொண்டு. போர் விமானத்துக்கு இருவரையும் நம்பவேண்டாம் என்பதே டெல்லி வந்துசேர்ந்திருக்கும் இடம்: உள்நாட்டில் வடிவமைக்கும் ஆம்கா விமானத்தின் முதல் மாதிரிகளுக்கு ஜெனரல் எலெக்ட்ரிக்கின் எஃப்414 எஞ்சின், அதற்கடுத்த ரகத்துக்கு பிரான்ஸின் சாஃப்ரானோடு சேர்ந்து புதிய எஞ்சின். ரஷ்யா காட்டும் சுகோய்-57 இன்னும் மேசைமேல்தான் இருக்கிறது.