சாவியைத் திருப்பினால் செத்த வண்டி, பில்லோ 1,640 வெள்ளி

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை. அம்மாவைப் பலதுறை மருந்தகத்துக்கு அழைத்துப் போக வேண்டும். சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் புளோக் கார்பார்க்குக்குப் போனால் ரிமோட் வேலை செய்யவில்லை. சாவியைப் போட்டுத் திறந்து உட்கார்ந்து இக்னிஷனைத் திருப்பினேன். டாஷ்போர்டில் ஒரு விளக்கு எரியவில்லை, 'டக்' என்ற சத்தம்கூட இல்லை. ஹார்ன் இல்லை, உள்விளக்கு இல்லை. அம்மாவை டாக்சியில் அனுப்பிவிட்டு இழுவை வண்டிக்குப் போன் செய்தேன்.

வந்த பையன் முதலில், வேறு பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் ஜம்ப் கேபிளைப் பேட்டரியின் இரண்டு முனையிலும் மாட்டினான். ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் கறுப்புக் கேபிளை மட்டும் கழற்றி எஞ்சின் இரும்பில் மாட்டினான். சட்டென்று டாஷ்போர்டு முழுக்க எரிந்தது. "பேட்டரி இல்ல போல அண்ணே, பட்டறையில சொல்லுங்க" என்றான். அந்த ஒரு வரியிலேயே முழு விடையும் இருந்தது. எனக்குத்தான் அப்போது புரியவில்லை.

பட்டறை எது என்று பெயர் சொல்லப் போவதில்லை. சின் மிங், ஊபி, காக்கி புக்கிட் என்று பட்டறைக்கா நமக்குப் பஞ்சம். தெரிந்தவர் ஒருவர் "நம்ம ஆளு, தமிழ்லயே பேசலாம்" என்று அனுப்பினார். அதையே பெரிய தகுதி என்று நம்பிப் போனது என் தப்பு. இழுவை வண்டிப் பையன் செய்ததைச் சொன்னேன். முதலாளி காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. மீட்டரைக் கையில் எடுக்காமலே, "அண்ணே, பேட்டரி வீக். இக்னிஷன் சுவிட்சும் போச்சு. அது போனதுல வண்டியோட மூளையும் அடிவாங்கிடுச்சு" என்றார். மூளை என்றால் பாடி கண்ட்ரோல் மாட்யூலாம், விளக்கு, பூட்டு போன்றவற்றைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி.

பேட்டரி 220, சுவிட்ச் 380, மாட்யூல் 890, புரோகிராமிங் 150. ஆக மொத்தம் 1,640 வெள்ளி. பேட்டரி வாங்கி 14 மாதம்தான் ஆகிறது என்றேன். "நம்ம ஊரு சூட்டுக்கு என்ன தாங்கும்?" என்றார். இந்தச் சூட்டில் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் போய்விடும் என்பது உண்மைதான். அந்த உண்மையோடு சேர்த்துத்தான் மற்றதையும் விற்றுவிட்டார். சாயங்காலம் வண்டி ஓடியது. பணத்தைக் கட்டிவிட்டு வந்தேன்.

பத்தொன்பதாவது நாள் அதே இடம், அதே மௌனம்.

இந்த முறை கீழ்வீட்டு நண்பர் தனக்குத் தெரிந்த ஒரு சீன அங்கிளை வரவழைத்தார். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. பாதி மலாய், பாதி ஆங்கிலம். பேனட்டைத் திறந்ததும் மீட்டரை எடுத்துப் பேட்டரி முனைகளில் வைத்தார். 12.5 வோல்ட். நல்ல பேட்டரி. ஹெட்லைட் சுவிட்சைப் போடச் சொல்லிவிட்டு, மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரியின் மைனஸ் முனையிலும் இன்னொன்றை எஞ்சின் இரும்பிலும் வைத்தார். அங்கே 0.2 வோல்ட்டுக்குள் காட்டினால் எர்த், அதாவது பேட்டரி மைனஸை வண்டியின் இரும்போடு சேர்க்கும் இணைப்பு, நல்லா இருக்கிறது என்று அர்த்தமாம். எனக்குக் காட்டியது 11.8. அதாவது விளக்குக்குப் போக வேண்டிய வோல்ட் கிட்டத்தட்ட மொத்தமும் அந்த எர்த் கேபிளிலேயே நின்றுவிட்டது.

பேட்டரித் தட்டைத் தூக்கினார். கீழே கேபிள் பாடியில் போல்ட் ஆகும் இடம் பச்சையும் துருவுமாகப் பொரிந்து கிடந்தது. கேபிளைக் கையால் அசைத்தார். உள்விளக்கு எரிந்தது. விட்டார், அணைந்தது. முதல் பட்டறையில் 'ரிப்பேர்' ஆனதன் ரகசியம் இதுதான். பேட்டரி மாற்றும்போது கேபிளை இழுத்து ஆட்டியதில் கொஞ்ச நாளைக்கு ஒட்டிக்கொண்டிருக்கிறது. துருவைச் சுரண்டி, புது எர்த் கேபிள் போட்டு, 70 வெள்ளி வாங்கினார்.

அவர் சொன்னதில் நான் மறக்காதது ஒன்று. பெரும்பாலான வண்டிகளில் உள்விளக்கும் ஹார்னும் இக்னிஷன் சுவிட்ச் வழியாகப் போவதில்லை. அவை வேலை செய்து, சாவியைத் திருப்பும்போது மட்டும் டாஷ்போர்டு எரியாவிட்டால் சுவிட்சையோ அதன் பியூஸ், ரிலேயையோ சந்தேகப்படலாம். விளக்கு எரிந்து 'டக் டக்' என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் பேட்டரி இறங்கியிருக்கும். எல்லாமே ஒரேயடியாகச் செத்துவிட்டால் பேட்டரி, அதன் கிளாம்பு, மெயின் பியூஸ், எர்த் கேபிள், இவற்றைப் பார்த்த பிறகுதான் வேறு எதையும் தொட வேண்டும். என் வண்டியில் ரிமோட்டே செத்திருந்தது. சுவிட்ச் மேல் எப்படிப் பழி போட முடியும்?

சந்தேகம் வந்து, ஸ்டியரிங் கீழ்மூடியையும் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். பழைய சுவிட்ச் எட்டு வருடத் தூசியோடு அப்படியே இருந்தது. மாட்யூலின் திருகுகளில் தொழிற்சாலையில் வைத்த பெயின்ட் கோடுகூடக் கலையவில்லை. இந்த இரண்டையும் மாற்றவே இல்லை!

பட்டறைக்குப் போய், மாற்றிய பழைய பாகங்களைக் கொடுங்கள் என்றேன். பில் கட்டும்போதே கேட்டிருக்க வேண்டியது. கொஞ்ச நேரம் தேடுவது போலத் தேடி, ஒரு பிளாஸ்டிக் பையில் ஒரு சுவிட்சைக் கொண்டுவந்து கொடுத்தார். மாட்யூலைத் 'தூக்கிப் போட்டாச்சு'. பையில் இருந்த சுவிட்சில் நான்கு பின். என் வண்டியின் பிளக்கில் ஆறு. இதைச் சொன்னதும் அண்ணனாக இருந்த நான் 'சார்' ஆகிவிட்டேன். "சார், 300 வெள்ளி திருப்பித் தரேன், முடிச்சுக்கலாம்" என்றார்.

வாங்கவில்லை. சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை வழக்கறிஞர் இல்லாமல் நாமே போடலாம், இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். பில், மீட்டர் காட்டிய வோல்ட் தெரியும் படம், பெயின்ட் கோட்டின் படம், அங்கிள் கையால் எழுதிக் கொடுத்த குறிப்பு எல்லாம் சேர்த்துப் பதிந்துவிட்டேன். நான்கு பின் சுவிட்ச் அதே பையில் எங்கள் செருப்பு அலமாரி மேல் இருக்கிறது. அடுத்த மாதம் அழைத்திருக்கிறார்கள், எடுத்துக்கொண்டு போகிறேன்.